எல்லாம் துருவின் வேலை

டேய் குமாரு,

மூணு மாசமாகப் பதில் போடவில்லை, திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. செல்வம் கடையை மறுபடி மூடிவிட்டான், எத்தனையாவது தடவை என்று நீயே எண்ணிக்கொள்.

போன தடவை பீற்றிக்கொண்டேனே, தண்ணீரைக் கரண்ட் விட்டுப் பிரிக்கும் எலக்ட்ரோடுக்காக நிக்கல் ஹைட்ராக்சைடையும் கிராஃபீன் என்கிற மெல்லிய கார்பன் தாளையும் சேர்த்து நிக்கல் ஃபோம் மேல் வளர்த்தேன், 10 மில்லிஆம்பியரில் ஓவர்பொட்டென்ஷியல் வெறும் 270 மில்லிவோல்ட் என்று? அது போச்சு மச்சி.

உனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். தண்ணீரைப் பிரிக்கும்போது உயிரை வாங்குவது ஆக்சிஜன் பக்கம்தான். ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் வெளியே வர நாலு எலக்ட்ரானைப் பிடுங்க வேண்டும், கணக்குப்படி 1.23 வோல்ட் போதும், நிஜத்தில் அதற்கு மேலே தண்டச்செலவு செய்தால்தான் குமிழே கிளம்பும், அதுதான் ஓவர்பொட்டென்ஷியல். இரிடியம் ஆக்சைடு போட்டால் குறையும். அதன் விலையைக் கேட்டால் உனக்கு ஜுரம் வரும். அதனால்தான் நான் நிக்கலைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

பேப்பர் பாதி எழுதியாச்சு. கைடு படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்த கேஓஎச் போட்டே?" சாதா கேஓஎச்தான், அதாவது தண்ணீரில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரம், 1 மோலார். அதில் இரும்பு இருக்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால்கூட நிக்கல் அதை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் ஆக்சிஜன் பிய்த்துக்கொண்டு வரும். 1987லேயே காரிகன் என்கிற ஆராய்ச்சியாளர் இதை எழுதிவைத்துவிட்டார். நானும் படித்திருக்கிறேன், அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன், அதுதான் கொடுமை.

சரி என்று பிளாஸ்டிக் பாட்டிலில் நிக்கல் ஹைட்ராக்சைடு வண்டலைப் போட்டு, கேஓஎச்சை ஊற்றிக் குலுக்கி, ராத்திரி முழுக்க அப்படியே வைத்தேன். இரும்பையெல்லாம் அந்தப் பச்சைச் சேறு இழுத்துக்கொள்ளும். காலையில் மேலே தெளிந்ததை எடுத்துப் புது எலக்ட்ரோடை மாட்டினேன். ஓவர்பொட்டென்ஷியல் 370 மில்லிவோல்ட். கரண்ட்-வோல்டேஜ் வளைவு கண்ணெதிரே வலப்பக்கம் நகர்ந்துபோனது. கிராஃபீனாவது காப்பாற்றுமா என்று அது இல்லாமல் பழைய கேஓஎச்சில் ஓட்டினால் 280! இத்தனை நாள் கூலிக்கு மாரடித்தது இரும்பு, மாலை போட்டுக்கொண்டது கிராஃபீன். அந்த வோல்டேஜில் கார்பன் தானே ஆக்சிடைஸ் ஆகிக் கரைந்துகொண்டிருக்கும் என்பது தனிக் கதை.

சாயங்காலம் ராயபுரம் வீட்டுக்கு வந்தால், அப்பா எமரி பேப்பரோடு கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து துருவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கடல்காற்றில் பெயின்ட் ஆறு மாசம் தாங்காது, உனக்குத் தெரியாததா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

வேண்டுமென்றே இரும்பைப் போடு என்கிறார் கைடு. போடலாம்தான், ஆனால் நிக்கல்-இரும்பு ஊரே செய்து முடித்த வேலை, அதில் புதுசாக நான் என்ன சொல்ல? ஃபெலோஷிப் இன்னும் எட்டு மாசம். ராத்திரி இரண்டு மணிக்கு இதுதான் ஓடுகிறது மண்டையில், யாரிடமும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வருகிறாயா இல்லையா? வந்தால் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ சாப்பிடலாம். காசு நீதான்.

பாபு