புஞ்சை முத்துசாமியின் நாடகத்தை நம்ம களத்தில் போடுவோம், உங்கள் பங்கும் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறோம். வருகிற பங்குனியில், சம்பா அறுவடை முடிந்து களம் காலியானதும், நம் பக்கத்துப் புஞ்சை ஊரில் பிறந்த நாடகாசிரியர் ந. முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’ நாடகத்தை நம் ஊர்க் களத்திலேயே போடப் போகிறோம். நடிப்பவர்கள் அத்தனை பேரும் செம்பனார்கோயில் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். மொத்தச் செலவு 2,40,000 ரூபாய். இதுவரை சேர்ந்தது 86,500. மீதி 1,53,500 ரூபாய்க்குத்தான் உங்கள் முன்னால் வந்து நிற்கிறோம்.

ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனபோது முதல் கேள்வி எல்லா வாசலிலும் ஒன்றாகவே இருந்தது: “யாருங்க இந்த முத்துசாமி?” பசுபதி என்றால் தெரிகிறது, விஜய் சேதுபதி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரிகிறது. பசுபதியை நடிகராக்கியதும், விஜய் சேதுபதி சினிமாவுக்கு முன்னால் கணக்கு எழுதிக்கொண்டிருந்ததும் இவர் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில்தான் என்று சொன்ன பிறகுதான் “அப்படியா, நம்ம பக்கத்துக்காரரா?” என்று திண்ணையில் உட்காரச் சொல்கிறார்கள். உட்காரச் சொன்னதில் சந்தோஷம்தான், ஆனால் அவர் பெயரைச் சொன்னவுடனே தெரியாமல் போனதில் எங்களுக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தம்தான் இந்தக் குழுவைக் கூட்டியது.

அவர் 1936இல் புஞ்சையில் பிறந்தவர். சம்பந்தர் பாடிய திருநனிபள்ளிதான் இன்றைய புஞ்சை, சம்பந்தரின் தாயார் பகவதியார் பிறந்த ஊர். அந்தக் கோயில் சுவாமிக்கு நற்றுணையப்பர் என்று பெயர். சென்னைக்குப் போய், அங்கேயே வாழ்ந்து, 2018 அக்டோபரில் 82 வயதில் காலமான இந்த மனுஷன் தன் நாடகம் ஒன்றுக்கு வைத்த பெயர் ‘நற்றுணையப்பன்’. எங்கே போனாலும் ஊரை விட்டுப் போகாதவர் என்று சொல்ல எங்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. அவருடைய ‘நீர்மை’ கதைத் தொகுப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், குளமும் தெருவும் வயலும் மனிதர்களும் நாம் தினம் பார்க்கிற மாதிரியே இருக்கும். எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதில் ‘நீர்மை’ என்ற கதையைப் படித்துவிட்டு, தன் அத்தையையே பார்த்ததுபோல் இருந்தது என்று சொல்லி, அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

முதலில் ‘எழுத்து’ பத்திரிகையில் சிறுகதை எழுதத் தொடங்கி, 1960களின் கடைசியில் நாடகத்துக்கு வந்தார். அன்றைக்கு நாடகம் என்றால் ஒரு பக்கம் சபா நாடகம், இன்னொரு பக்கம் சீன் கட்டி ஆடுகிற கம்பெனி நாடகம். இவர் எழுதியது இரண்டிலும் சேராது. ‘காலம் காலமாக’, ‘அப்பாவும் பிள்ளையும்’, ‘நாற்காலிக்காரர்’, ‘சுவரொட்டிகள்’ எல்லாவற்றிலும் நாம் டீக்கடையில் பேசுகிற பேச்சு மாதிரிதான் வசனம் ஆரம்பிக்கும், ஆனால் கதை நேர்கோட்டில் போகாது, பேச்சு சுற்றிச் சுற்றி வந்து, நாம் அன்றாடம் பேசுவதற்குள்ளேயே எவ்வளவு அதிகாரமும் பயமும் இருக்கின்றன என்பது மெல்லப் பிடிபடும். புரியவில்லை என்று பலர் சொன்னார்கள், அதற்காக அவர் எழுதுவதை மாற்றிக்கொள்ளவில்லை.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது தெருக்கூத்து. கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தைப் பார்த்தவர், தமிழனுக்கு என்று ஒரு நாடக அரங்கு இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். படித்தவர்கள் கூத்தை ஏளனமாகப் பார்த்த காலத்தில் அதைப் பற்றித் தொடர்ந்து கட்டுரை எழுதினார். 1977இல் நண்பர்களோடு கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். உடம்பு, குரல், மூச்சு, நடை எல்லாவற்றுக்கும் பயிற்சி. நடிகர்களைச் சம்பளம் கொடுத்து முழுநேரம் வைத்துக்கொண்டு நவீன நாடகம் நடத்தியதை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது, ஏனென்றால் இருபது நாள் ஒத்திகைக்கே நாங்கள் இப்படி ஊர் ஊராக அலைகிறோம். நாடகம் எழுதியதற்காக 1999ஆம் ஆண்டின் சங்கீத நாடக அகாடமி விருது, அப்புறம் 2012இல் பத்மஸ்ரீ. டில்லி கொடுத்தது சரி. ஆனால் அவர் நாடகத்தை இந்த வட்டாரத்தில் கண்ணால் பார்த்தவர் எங்கள் குழுவில் ஒருவர்கூட இல்லை.

“இதெல்லாம் பட்டணத்து ஆட்களுக்கு, நம்ம சனங்க உட்காருமா?” என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் இன்றும் நடக்கிறது, ஆர்சுத்திப்பட்டில் இரணியன் நாடகம் நடக்கிறது. விடிய விடிய உட்கார்ந்து பார்த்துப் பழகிய மண் இது. கொண்டுவந்து காட்டினால் பார்ப்பார்கள்.

இந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம், பெரிய அரங்கப் பொருள் எதுவும் வேண்டாம், முக்கியமாக ஒரு நாற்காலி வேண்டும். அதுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் நன்கொடையும். பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். பூவரச மரத்தில் செய்தது, வலது கைப்பிடியில் மட்டும் கை பட்டுப் பட்டு மரம் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிட்டது, பின்னங்கால் ஒன்றில் தகரம் வைத்து ஆணி அடித்திருக்கிறது. “எங்க வீட்டுக்காரர் உட்கார்ந்தது தம்பி, ஆடி முடிச்சதும் கொண்டாந்து போட்டுடணும்” என்றார். முதல் ஒத்திகையில் ஒன்பதாம் வகுப்புப் பையன் அதில் உட்கார்ந்ததும் தானாகவே வலது கையைத் தூக்கி அந்த வழவழப்பின்மேல் வைத்தான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சுற்றி நின்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம் ஒரு மண்டபத்தில் ஒத்திகைக்கு இடம் கேட்டு, தருவதாகச் சொல்லி, கடைசி நாளில் முகூர்த்தம் என்று மறுத்துவிட்டார்கள். பதினான்கு பிள்ளைகளும் பையோடு வாசலில் நின்றார்கள். அதனால்தான் களத்தின் ஓரத்தில் கீற்றுக்கொட்டகை ஒன்று போட முடிவு செய்தோம், நாடகம் முடிந்த பிறகும் அது பிள்ளைகளின் பயிற்சிக்கே இருக்கும். அதற்கு 30,000. பயிற்சி கொடுக்க வரும் இரண்டு நடிகர்களுக்கு இருபது நாள் தங்கலும் ஊதியமும் 70,000, விளக்கும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு 45,000, ஒத்திகை நாட்களில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு 38,000, வாத்தியக் கலைஞர்களுக்கு 20,000, நாடகத்தை முழுசாக வீடியோ எடுத்து வைக்க 27,000, அச்சுச் செலவு 10,000. நாடகத்துக்கு உரிய அனுமதியை வாங்கிய பிறகே மேடையேற்றுவோம். சாப்பாட்டுச் செலவில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று குழுவில் உறுதியாக இருக்கிறோம், மாலை ஒத்திகைக்கு வருகிற பிள்ளைகளில் சிலர் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வருகிறார்கள்.

ஐம்பது ரூபாயும் நன்கொடைதான். ஒரு நாள் சாப்பாட்டை ஏற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு 1,900 ரூபாய் ஆகும், பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் முடிந்ததைச் செய்யுங்கள், கூடவே ஊரில் இருக்கும் அப்பா அம்மாவை அன்றைக்குக் களத்துக்கு வரச் சொல்லுங்கள். பணமாக முடியாதவர்கள் கீற்று, மூங்கில், அரிசி, டிராக்டரில் ஒரு நடை என்று எது தந்தாலும் சரி.

பணம் அனுப்புகிறவர்கள் குழுவின் கூட்டுக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், யாருடைய சொந்தக் கணக்குக்கும் வேண்டாம். கணக்கு எண் ரசீதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது, மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. வரவு செலவு முழுவதும் நாடகம் முடிந்த பத்தாம் நாள் கொட்டகைத் தட்டியில் எழுதி ஒட்டப்படும். நெல்லாகக் கொடுக்கிறவர்கள் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள், சாக்கோடு நாங்களே வந்து தூக்கிக்கொள்கிறோம்.