பழைய பிக்கப்புக்குப் புது டர்போ

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. ஷார்ஜாவை முடித்துக்கொண்டு தை மாதத்தில் ஊரோடு வந்துவிடுவதாக எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குத்தான் ரொம்ப சந்தோஷம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். பெரியவன் திண்டுக்கல்லில் ஆட்டோமொபைல் டிப்ளமோ இரண்டாம் வருஷம் படிக்கிறான். முருங்கை விலை இந்த வருஷம் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காலையில் ஒரு விலை, கேரளா லாரிகள் கிளம்பிய பிறகு ஒரு விலை. அதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

உடுமலையில் ஒரு செகண்ட் ஹேண்ட் பிக்கப் பார்த்து வைத்திருப்பதாகவும், “டர்போதான் கொஞ்சம் சத்தம் போடுது, அதை மட்டும் மாத்திட்டா வண்டி பக்காவா ஓடும்” என்று புரோக்கர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியைப் படித்ததும்தான் இத்தனை நீளமாக எழுத உட்கார்ந்தேன். என் வண்டிக்குப் போன ஆடியில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற இந்த டர்போ போய், மாற்றி, இப்போது நன்றாக ஓடுகிறது. அதில் நான் கண்ணால் பார்த்தது இதுதான்: பெரும்பாலும் டர்போ தானாகப் போவதில்லை, எஞ்சினில் இருக்கும் வேறொரு குறைதான் அதைச் சாகடிக்கிறது. அது என்ன குறை என்று பார்க்காமல் புதுசை மாட்டினால், அந்தப் புதுசும் அதே வழியில் போகும்.

நான் வாங்கியது 2018 மாடல், என்னோடு சேர்த்து மூன்று கை மாறியது. ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சுத்தமாக இருந்தன. பாச்சலூர் மலைத் தோட்டங்களுக்கு உர மூட்டை ஏற்றிப்போய், இறங்கும்போது சௌசௌவும் வாழையும் கொண்டுவருவேன். அன்றைக்குப் பரப்பலாறு அணையைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, ஆம்புலன்ஸ் சைரன் தூரத்தில் கேட்பது போல ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் கூடியது, விட்டால் குறைந்தது. அடுத்த வளைவிலேயே வண்டி இழுக்கவில்லை. இரண்டாவது கியரில் ஏறுகிற இடத்தில் முதல் கியருக்கே மூச்சு வாங்கியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே தெரியாமல் நீலம் கலந்த வெள்ளைப் புகை. ஓரம் கட்டி உடனே எஞ்சினை அணைத்துவிட்டேன்.

உடனே அணைத்தது எவ்வளவு நல்லது என்று பிறகுதான் மெக்கானிக் அண்ணன் விளக்கினார். நீயும் தெரிந்து வைத்துக்கொள். டர்போவின் சீல் போய் ஆயில் காற்றுப் பாதைக்குள் இறங்கினால், டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்து ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ரேஸ் தானாக ஏறிக்கொண்டே போகும், கடைசியில் எஞ்சினே உடையும். அப்படி ஆகிவிட்டால் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, பெரிய கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சினை அடக்க வேண்டும். எதிரே, பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொள். பானெட்டைத் திறந்து கையை உள்ளே விடாதே.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து முதலில் காட்டிய பட்டறையில், “கோர் போட்டுடலாம், நாளைக்கே லோடு ஏத்தலாம்” என்றார்கள். கோர் என்றால் வெளிக்கூடு இல்லாமல், டர்போவின் சுற்றுகிற நடுப் பாகம் மட்டும். எதனால் போச்சு என்று கேட்டேன். “பழசாயிடுச்சு, அவ்வளவுதான்” என்றார்கள். அந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. கோவையில் நெடுங்காலம் டர்போ வேலை மட்டுமே பார்த்துவிட்டு, இப்போது பழனி ரோட்டில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். மேலே சொன்ன மெக்கானிக் அண்ணன் இவர்தான். அவர் சொன்ன முதல் வார்த்தை, “சம்பைக் கழட்ட விட்டால்தான் இந்த வேலையை எடுப்பேன்.” டர்போ மேலே இருக்கிறது, ஆயில் தேங்குகிற தொட்டியான சம்ப் எஞ்சினுக்கு அடியில் இருக்கிறது, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியவன் கேட்டான். லீவில் வந்திருந்ததால் அவனும் கூடவே நின்றான். அவனுக்கு வகுப்பில் கிடைக்காத பாடம் அங்கே கிடைத்தது.

சைலன்சர் பக்கம் ஒரு சக்கரம், காற்று உறிஞ்சுகிற பக்கம் ஒரு சக்கரம், இரண்டையும் சேர்க்கிற விரல் மொத்த ஷாஃப்ட். டர்போ என்றால் இவ்வளவுதான். எஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது, மறு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் டீசலும் கூடுதலாக எரியலாம், அதனால்தான் சின்ன எஞ்சின் பெரிய சுமையை இழுக்கிறது. சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூச்சி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டாராம். ஆனால் உருப்படியாக ஓட்டிக் காட்ட 1925 வரை ஆனதாம். இது பெரியவன் சொன்னது.

அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. நம் பிக்கப் எஞ்சின் உயிரை விட்டு ஓடினாலும் நாலாயிரத்தைச் சுற்றித்தான் நிற்கும். ஒரு பக்கம் நெருப்பாய்க் கொதிக்கிற புகை, மறு பக்கம் வெளிக்காற்று, நடுவில் இந்த வேகம். இதைத் தாங்குவது பால் பேரிங் இல்லை. வளையம் போன்ற இரண்டு சின்னப் புஷ்களும், அவற்றைச் சுற்றி ஓடுகிற மெல்லிய ஆயில் படலமும்தான். ஷாஃப்ட் இரும்பைத் தொடாமல் ஆயிலில் மிதந்தபடியே சுற்ற வேண்டும். அந்த ஆயில் எஞ்சின் சம்பிலிருந்துதான் வருகிறது. சில நொடி ஆயில் வராவிட்டாலும் புஷ் தேயும். புஷ் தேய்ந்தால் சக்கரம் கூட்டில் உரசும். நான் மலையில் கேட்ட சத்தம் அந்த உரசல்தான்.

கழற்றுவதே பெரிய வேலை. எஞ்சின் புகை வெளியேறும் மேனிஃபோல்ட் குழாயின் நட்டெல்லாம் சூட்டில் வெந்து துருப்பிடித்து இறுகியிருந்தன. துருவிளக்கி அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டும், நட்டு மாட்டுகிற ஒரு ஸ்டட் முறிந்துவிட்டது. முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, அந்தச் சூட்டோடு ஸ்பேனர் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துத் திருகி எடுத்தார். அவசரப்படுகிறவர் கையில் கொடுத்திருந்தால் மேனிஃபோல்டே போயிருக்கும்.

கழற்றிய டர்போவை மேசையில் வைத்து, “தம்பி, இறக்கையைப் பாரு” என்றார். விளிம்பெல்லாம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது, ஆனால் கொத்தியது போலச் சில்லு எதுவும் பெயரவில்லை. கல்லோ நட்டோ உள்ளே போயிருந்தால் இறக்கை நுனி உடைந்திருக்குமாம். பிறகு ஷாஃப்ட்டை வெளியே எடுத்தார். புஷ் உட்கார்ந்திருந்த இடத்தில் இரும்பு நீலம் பாரித்திருந்தது. “ஆயில் இல்லாமல் காய்ந்து ஓடியிருக்கு” என்றார். அடுத்து, டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் பைப்பின் துளைபோட்ட போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். துளையில் வெளிச்சமே வரவில்லை. சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தியதும் கரித்துண்டு பொலபொலவென்று உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. சம்பைத் திறந்தால், ஆயில் உறிஞ்சுகிற வலையில் பாதிக்கு மேல் கருப்புச் சேறு.

அவ்வளவுதான் விஷயம். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஆயிலை மாற்றாமல் மேலே மேலே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மலை ஏறி வந்த வேகத்தில் எஞ்சினைச் சட்டென்று அணைக்கிற பழக்கமும் இருந்திருக்கும் என்றார் அண்ணன். அப்படி அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். கொதிக்கிற டர்போவுக்குள் தேங்கிய ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். முதல் பட்டறையில் சொன்னபடி கோரை மட்டும் மாட்டியிருந்தால், அதே அடைத்த போல்ட் வழியாகத்தான் புதுசுக்கும் ஆயில் வந்திருக்க வேண்டும். சம்பைக் கழற்றினால்தான் வேலை என்று பிடிவாதமாக நின்றாரே, அந்த மனுஷனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் மாட்டுகிற வேலை. சம்பையும் வலையையும் கழுவி, ஆயில் பைப், துளை போல்ட், காப்பர் வாஷர், கேஸ்கட், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாம் புதுசு போட்டார். ஆயில் திரும்பி இறங்கும் பைப்பில் கம்பி விட்டு அடைப்பில்லை என்று உறுதி செய்தார். ஆயில் போகிற வழியில் கேஸ்கட் பேஸ்ட்டைத் தொடவே விடவில்லை. அது பிதுங்கி உள்ளே உடைந்தால் மறுபடி அடைப்பு. டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தபோது கால் லிட்டர் போல ஆயில் கொட்டியது. இதைக் கழுவாமல் விட்டிருந்தால், புது டர்போ முதல் தடவை ஊதும்போதே அத்தனை ஆயிலையும் எஞ்சினுக்குள் தள்ளியிருக்கும். பலர் விட்டுவிடுகிற வேலை இதுதான் என்றார்.

கடைசியில் செய்ததைத்தான் பெரியவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். சிரிஞ்சில் புது ஆயிலை எடுத்து டர்போவின் மேல் துளையில் விட்டுக்கொண்டே, சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். முதலில் இறுக்கமாகச் சுற்றியது. கீழ்த் துளையில் ஆயில் சொட்ட ஆரம்பித்ததும் விரலை எடுத்த பிறகும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிறகு எஞ்சினுக்கு டீசல் போகாதபடி செய்துவிட்டு, ஆயில் லைட் அணைகிற வரை செல்ஃப் மட்டும் அடித்தார். ஸ்டார்ட் செய்த பிறகும் ரேஸ் கொடுக்கவே விடவில்லை. கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டு, எல்லா மூட்டிலும் டார்ச் அடித்துக் கசிவு பார்த்தார். சேறு இன்னும் மிச்சம் இருக்கும் என்று, கொஞ்ச ஓட்டத்துக்குப் பிறகு அந்தப் புது ஆயிலையும் வடித்துவிட்டு மறுபடி மாற்றச் சொன்னார், மாற்றினேன்.

முழு டர்போவா, கோர் மட்டுமா என்று நீ கேட்பாய். கோர் செலவு குறைவு, கூடு உரசாமல் நல்லபடியாக இருந்து, பேலன்ஸ் பார்த்த கோராக இருந்தால் தப்பில்லை. என் வண்டியில் கூட்டிலும் உரசல் விழுந்துவிட்டதால் முழுசாகவே புதுசு போட்டேன். உடைசல் கடையில் கழற்றியதை மட்டும் வாங்காதே. அது எதனால் அங்கே வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, உன் உடுமலை வண்டிக்கு வருகிறேன். அது எந்த வருஷ மாடல் என்று நீ எழுதவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். டர்போ ஆயிலைக் கக்கினால் சைலன்சரில் இருக்கும் கரி வடிகட்டியும் சேர்ந்து கெடும், அது தனிச் செலவு.

வண்டியைக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பார். முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடு. டர்போவுக்கு வரும் காற்று ஹோஸைக் கழற்றி ஷாஃப்ட்டை அசைத்துப் பார்க்கச் சொல். பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை கூட்டில் தொட்டாலோ டர்போ முடிந்தது. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்க்கச் சொல், குபுகுபுவென்று புகை தள்ளினால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். அந்த அழுத்தத்தில் டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்க முடியாமல் சீல் வழியாகக் கசியும். பார்க்கிறவர் டர்போவைக் குறை சொல்வார், உண்மையில் வேலை எஞ்சினில் இருக்கும். அப்படியிருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இழுவை இல்லை, கறுப்புப் புகை, உஸ்ஸென்று காற்றுச் சத்தம், ஆனால் ஆயில் குறையவில்லை என்றால், இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கும் அல்லது கிளிப் கழன்றிருக்கும். ஹோஸ் ஒன்று மாற்றினால் தீர்ந்துவிடும். நல்ல டர்போவைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசுக்குப் பணம் கட்டியவர்கள் நம் மார்க்கெட்டிலேயே இருக்கிறார்கள். புரோக்கர் சொன்ன ‘சத்தம்’ இதில் எது என்று தெரியாமல் நீ விலை பேசாதே.

வண்டி எண்ணையும் மாடலையும் அனுப்பி வை. நான் பெரியவனோடு உடுமலை போய் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், தேவைப்பட்டால் அண்ணனையும் அழைத்துப் போகிறேன். அதுவரை அட்வான்ஸ் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம் என்று உன் மச்சானுக்குச் சொல்லிவிடு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தங்கராசு