ஏறும் கேள்வி, இறங்கும் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ருமேனிய மொழி பற்றிய கட்டுரையில், 'கேள்வி கேட்கும்போது கடைசியில் குரல் ஏறும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். புக்கரெஸ்ட் பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டவர்கள் சொல்லும் விதி அது. ருமேனியாவின் திரான்சில்வேனியா வட்டாரத்தில் கேள்வியின் வால் இறங்கும்.

நமக்கு 'வந்தாளா' என்று சொல்ல ஓர் 'ஆ' இருக்கிறது. ருமேனியத்தில் ஆம்–இல்லை கேள்விக்கு விகுதி கிடையாது, சொல் வரிசையும் மாற வேண்டியதில்லை. 'வீனெ மாமா' என்றால் 'அம்மா வருகிறாள்' (மாமா அங்கே அம்மா!). 'வருகிறாளா?' என்பதற்கும் அதே இரண்டு சொற்கள்தான். பிரித்துக்காட்டுவது ராகம் மட்டுமே. திரான்சில்வேனியாவின் கிளுஜ் நகரப் பக்கத்தில் 'வீ' தாழ்ந்து ஒலிக்கும், அழுத்தம் விழும் முதல் 'மா'வில் குரல் உச்சிக்குப் போகும், அடுத்த 'மா'வில் சரிந்துவிடும். அங்கே கூடவே புழங்கும் ஹங்கேரிய மொழியின் கேள்வியும் இப்படித்தான் ஏறி இறங்கும். 'உந்தெ' (எங்கே) போன்ற வினாச்சொல் வந்தாலோ உச்சி அதன்மேலேயே விழுந்து, பிறகு இறக்கம்தான்.

ஊருக்கு ஊர் கேள்வி ராகத்தை ஒப்பிடுபவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'மாமா'வில் அழுத்தத்துக்குப் பிறகு ஓர் அசை மிச்சம் இருப்பதால் இறக்கம் தெளிவாகக் கேட்கும். 'வெனித்' (வந்து) போன்ற சொல்லில் அழுத்தமே கடைசி அசையில். அங்கே இறங்க இடமில்லை. ஒன்று, இறக்கம் அந்த ஓர் உயிரொலிக்குள் நெருக்கப்படும், அல்லது வெட்டுப்படும். ஓர் ஊரில் 'மாமா'வையும் இன்னோர் ஊரில் 'வெனித்'தையும் பதிவு செய்து ஒப்பிட்டால், சொல் வேறுபாடு ஊர் வேறுபாடாகத் தெரியும். எல்லா ஊரிலும் ஒரே வாக்கியங்கள் வேண்டும், கடைசி, ஈற்றயல், அதற்கு முந்தைய அசை என மூவகை அழுத்தத்திலும்.

குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் பிராட் (Praat) மென்பொருளில் அளப்பவர்கள் சுருதி வரம்பை ஆண் குரலுக்கு 75–300, பெண் குரலுக்கு 100–500 ஹெர்ட்ஸ் என வைப்பது நல்லது. வரம்பு தவறினால், குரல் கரகரக்கும் வாக்கிய முடிவில் கோடு திடீரென இரண்டு மடங்காகவோ பாதியாகவோ தாவும். அதை 'ஏற்றம்' என்று எழுதிவிடுவார்கள். ஏற்றத்தை ஹெர்ட்ஸில் ஒப்பிடவும் கூடாது: 100இலிருந்து 150க்கும், 200இலிருந்து 300க்கும் காதுக்கு ஒரே தாவல், ஏறத்தாழ 7 அரைச்சுரம் (ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஓர் அரைச்சுரம்). குரல் அறுபடாமல் ஓடும் ம, ன, ல, வ நிறைந்த சொற்களே சோதனைக்கு ஏற்றவை. 'லுபி' (ஓநாய்கள்) கூடாது. எழுத்தில் இரண்டு அசை, பேச்சில் ஒன்றே. அந்த 'இ' வெறும் மூச்சாகப் போய்விடும், கோடும் அங்கே அறுந்துவிடும்.

அடுத்த இதழில் அந்த ஒரு வரியையாவது திருத்தி வெளியிடுங்கள்.

– வாசகர், மதுரை