ராத்திரியில் மட்டும் விழும் டெஸ்ட்: அறிவியல் மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் மென்பொருள் எழுதிப் பொதுவில் வைக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும்,

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வணக்கம். நீங்கள் எழுதும் நிரல்களை, டெபியன் என்ற இலவச இயங்குதளத்தில் எளிதாக நிறுவும்படி பேக்கேஜ்களாகக் கட்டும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். பகலில் பிழைப்பு வேறு. இந்த வேலைக்கு உட்காருவது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அந்த ராத்திரிக்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் உண்டு.

பேக்கேஜ் கட்டும்போது, நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நீங்கள் எழுதிவைத்த டெஸ்ட்களையும் சேர்த்தே ஓட்டுகிறோம். ஒன்று விழுந்தால், அதாவது தோற்றால், பில்ட் (பேக்கேஜ் கட்டும் ஓட்டம்) நின்றுவிடும். எப்போதும் விழுகிற டெஸ்டால் எனக்குத் தொல்லையே இல்லை, உட்கார்ந்து பார்த்தால் பிடிபட்டுவிடும். இன்றைக்கு விழுந்து, நாளைக்கு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறதே, அதுதான் ஆளைக் கொல்கிறது. அதைப் பற்றி உங்களுக்கு எழுதினால் முக்கால்வாசி நேரம் வருகிற பதில், "மறுபடி ஓட்டிப் பாருங்க, என் மெஷின்ல ஓடுது." அந்தப் பதிலை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

போன சித்திரையில் ஒரு நூலகம் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) கைக்கு வந்தது. கருவிகளின் அளவீடுகளை நாளுக்கு ஒரு கோப்பாகச் சேமிக்கும், பிறகு வாசித்துச் சராசரி எடுக்கும். அதில் ஒரு டெஸ்ட் சில ராத்திரி விழும், சில ராத்திரி விழாது. எழுதியவரிடம் கேட்டேன், மேலே சொன்ன பதில்தான். வீடு அடுப்பாகக் கொதித்ததால் லேப்டாப் சூட்டின் மேல் பழி போட்டேன். மெமரி சோதனையை விடிய விடிய ஓடவிட்டேன், ஒரு குறையும் இல்லை. ஃபேனுக்கு நேரே தூக்கி வைத்தேன், அப்போதும் விழுந்தது.

வேறு வழியில்லாமல், டெஸ்ட் விழுந்த நேரத்தை அம்மா கிழித்துப் போடும் தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம் குறிக்கத் தொடங்கினேன். 12.40. 1.15. 3.05. மறுபடி 12.20. பதினொன்றே முக்காலுக்கு ஓட்டியபோது ஒருநாளும் விழுந்ததில்லை. ஒரு ராத்திரி மூன்று மணிக்குத் தேதி பார்க்கச் சுவரை நிமிர்ந்து பார்த்தால், காலண்டரில் நேற்றைய தேதி. அம்மா எழுந்து தாளைக் கிழிப்பது ஐந்தரைக்குத்தான்.

அப்போது உறைத்தது. நூலகம் கோப்புக்குப் பெயர் வைப்பது உள்ளூர்த் தேதியில். டெஸ்ட் அதைத் தேடுவது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தின் தேதியில். நம் நேரம் யூடிசிக்கு 5.30 மணி முன்னால் ஓடுகிறது. நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரை இங்கே ஒரு தேதி, அங்கே ஒரு தேதி. ஃபேக்டைம் என்ற கருவியை வைத்து, ராத்திரி ஒரு மணி என்று டெஸ்டுக்குப் பொய் நேரம் காட்டினேன், பத்துக்குப் பத்தும் விழுந்தது. யூடிசியில் ஓடும் பில்ட் சர்வரில் இது ஜென்மத்துக்கும் விழாது. பகலில் வேலை பார்க்கும் உங்கள் மேசையிலும் விழாது. ஆனால் டெஸ்ட் மாதிரியே தேதியைக் கணக்கிட்டுக் கோப்பைத் தேடும் ஓர் ஆய்வாளருக்கு, நள்ளிரவுக்கும் ஐந்தரைக்கும் நடுவே எடுத்த அளவீடுகள் மொத்தமும் காணாமல் போயிருக்கும்.

எல்லாமே இப்படித் துப்பறியும் கதையாக இருப்பதில்லை. பைதான் மொழியில் 0.1, 0.2, 0.3 மூன்றையும் இந்த வரிசையில் கூட்டினால் 0.6000000000000001 வரும், கடைசியிலிருந்து கூட்டினால் 0.6. ஓப்பன்பிளாஸ் என்ற கணித நூலகம் வேலையை எத்தனை இழைகளுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் பகுதிகளுக்கு) பிரிக்கிறதோ அதைப் பொறுத்துக் கூட்டும் வரிசை மாறலாம், கடைசி இலக்கங்களும் ஆடலாம். (நெசவு ஊரில் இருந்துகொண்டு இழையால் சிக்கல் என்றால் சிரிக்கிறார்கள்.) இழையை ஒன்றாகக் குறைத்ததும் டெஸ்ட் அடங்கிவிட்டால் ஆள் அகப்பட்டான். செட்டுக்குள் (வரிசை இல்லாத தொகுப்புக்குள்) இருக்கும் சொற்கள் ஒரே வரிசையில் வரும் என்று நம்பி எழுதிய டெஸ்ட்களும் நிறைய. 2012-இல் வந்த பைதான் 3.3 முதல் ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த வரிசை மாறலாம்.

புள்ளியியல் டெஸ்ட்கள் தனி ரகம். ஸீடை (ராண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்ணை) நிலையாக வைக்காமல் 5 சதவீத எல்லையில் சோதித்தால், சரியான நிரலே 20-க்கு ஒரு முறை விழும். "20 தடவை ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் எழுதினார். 20-க்கு ஒன்று விழும் டெஸ்ட் 20 தடவையும் தப்பிக்கும் வாய்ப்பு 100-க்கு 36. அந்த வாய்ப்பு 100-க்கு 5-க்குக் கீழே இறங்கவே 59 தடவை ஓட்ட வேண்டும்.

டெஸ்ட் விழுந்தவுடன் டாலரன்ஸை (விடையில் பொறுத்துக்கொள்ளும் வித்தியாசத்தை) பத்து மடங்கு தளர்த்துவதும் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் தெருப் பட்டறைகளில் கொலுசு எடை போடும்போது தராசில் எண் ஆடினால் ஃபேனை நிறுத்தச் சொல்வார்கள். மில்லிகிராமை விட்டுவிட்டுக் கிராமில் எழுதிக்கொள் என்று எவரும் சொல்வதில்லை.

உங்களுக்கு ஆய்வுக்கட்டுரை, வகுப்பு, கெடு என்று ஆயிரம் இருக்கும், தெரியும். டெஸ்டை எடுத்தே ஆக வேண்டும் என்றால் எடுங்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு எடுங்கள். ராண்டம் எண் புழங்கும் இடத்தில் டெஸ்ட் விழுந்தால் ஸீட், இழை எண்ணிக்கை, டைம்ஸோன் மூன்றும் லாகில் (ஓட்டப் பதிவில்) வரும்படி செய்யுங்கள். மீதியை ராத்திரி நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா இப்போது காலண்டர் தாள்களைக் கிழித்ததும் என் மேசையிலேயே வைத்துவிடுகிறார்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு பேக்கேஜ்காரன்