விமானிகளின் ஓய்வு நேரத்தில் குறுக்கிடுவதைத் தடுக்கக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்:
துணை விமானி ஒருவரின் மனைவி, பல்லாவரம்.
(பெயர், முகவரி தனி உறையில் இணைத்துள்ளேன். இரகசியமாக வைக்க வேண்டுகிறேன்.)

பெறுநர்:
உயர்திரு மண்டல அதிகாரி அவர்கள், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். இரண்டாவதைத் தங்கள் தபால் பிரிவில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. தங்களுக்கு உள்ள வேலைப்பளு தெரிந்தே மறுபடியும் எழுதுகிறேன்.

1. விமானிகளின் வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தப்பட்டு, 2025 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

2. ஆனால் அந்த 48 மணி ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில்தான் இருக்கிறது, வீட்டில் இல்லை. என் கணவர் இரவு முழுக்கப் பறந்துவிட்டுக் காலை 7 மணிக்கு வருவார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன். விசில் சத்தம் கேட்கக் கூடாதென்று குக்கரை எடுப்பதே இல்லை, சோறு வடித்துத்தான் சாப்பிடுகிறோம். ஆறு வயதுப் பையன் அப்பா வீட்டில் இருக்கும் நாளில் கிசுகிசுத்தே பேசப் பழகிவிட்டான். வெள்ளிக்கிழமைச் சந்தை நாளில் எங்கள் பக்கம் எவ்வளவு இரைச்சல் என்று தாங்கள் அறிவீர்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது விமான நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து 11 மணிக்கு வரும் போன். "சார், ரோஸ்டர் மாறியிருக்கு, பார்த்து ஓகே பண்ணுங்க." அரை மணி கழித்து இன்னொன்று. கடந்த மாதம் ஒரே ஓய்வு நாளில் நான்கு முறை. போனை அணைத்து வைத்தால் "ஏன் எடுக்கவில்லை" என்று கேள்வி. அப்புறம் அடுத்த ரோஸ்டரைப் பார்த்தால் இரவுக்கு மேல் இரவு.

போன வாரம் விடியற்காலை 3 மணிக்கு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. என் கணவர் சீருடையில், தோளில் மூன்று பட்டையோடு, ஒரு காலில் மட்டும் ஷூ போட்டபடி சோபாவில் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தார். நான்தான் எழுப்பி அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது, ஐயா. அந்த விமானம் பத்திரமாக இறங்கியது என்று செய்தி வரும்வரை நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

3. களைப்பாக இருந்தால் பறக்க மாட்டேன் என்று சொல்லலாமே என்பீர்கள். விதியும் அதைத்தான் சொல்கிறது. சொன்னவர்களை அலுவலகத்தில் உட்காரவைத்து விளக்கம் கேட்கிறார்கள். வேலையை விடலாம் என்றால் துணை விமானிக்கு 6 மாத நோட்டீஸ், கேப்டனுக்கு ஒரு வருடம். எங்கே போவார்கள்?

4. ஆள் போதவில்லை, அதுதான் காரணம். ஓய்வைக் கூட்டிய புதிய விதி 2024 ஜனவரியிலேயே வெளியானது. ஆள் எடுக்க எத்தனை மாதம் இருந்தது! 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, மீனம்பாக்கத்தில் ஜனங்கள் பெட்டியும் கையுமாக நின்றார்கள். அப்போது விமானிகளின் ஓய்வின் மீதல்லவா பழி விழுந்தது? ஓய்வு கேட்டது குற்றமா? இதை யாரிடம் கேட்பது? தங்களிடம்தானே கேட்க முடியும்? இரண்டு முறை கேட்டாகிவிட்டதே!

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஓய்வு நேரத்தில் அலுவலகத்திலிருந்து போன் வந்தால் அந்த ஓய்வு முறிந்ததாகக் கணக்கிட்டு, முதலிலிருந்து மறுபடி கொடுக்க வேண்டும். ரோஸ்டரை மட்டும் பார்க்காமல், அழைப்புப் பதிவுகளையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் அடுத்த விமானக் கால அட்டவணைக்கு ஒப்புதல் தரும் முன், அதை ஓட்ட எத்தனை விமானிகள் கையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, மற்றவை தாமதமாகட்டும். அந்தப் போனையாவது நிறுத்துங்கள் ஐயா. அவர் தூங்கட்டும்.

இந்த மனுவுக்காவது ஒரு வரி பதில் தருமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துணை விமானி ஒருவரின் மனைவி

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல், ஓய்வு நாளில் வந்த அழைப்புகளின் பட்டியல்.