சபானுக்கு இரண்டு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்ச் 21 பொலிஸ் வீரர்கள் தினத்தை ஒட்டித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். உதுவன்கந்தக் கொள்ளைக்காரன் சரதியலுக்கு அரைப் பக்கம். அவனைப் பிடிக்கப் போய் உயிர்விட்ட கான்ஸ்டபிள் சபானுக்கு இரண்டே வரி. பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்த காலத்திலும் இதே கதைதான். சரதியலைப் பற்றிக் கேட்டால் வகுப்பே கை தூக்கும். சபான் என்றால் யார் சேர் என்பார்கள்.

சபான் ஒரு மலாய்க்காரர். 1864 மார்ச் 21இல் மாவனல்லையில் சரதியல் கூட்டத்தார் சுட்டதில் இறந்தார். இலங்கையில் கடமையில் உயிர்விட்ட முதல் பொலிஸ்காரர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அப்போது கண்டிக்கு ரயில் கிடையாது. அது 1867இல்தான் வந்தது. மலைநாட்டுக் கோப்பி முழுக்க மாட்டுவண்டியில் கடுகண்ணாவை இறங்கி, மாவனல்லை வழியாகத்தான் கொழும்புக்குப் போனது. கொள்ளைக்காரனுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? சரதியலையும் அவன் கூட்டாளி மம்மலே மரிக்காரையும் அதே ஆண்டு மே 7இல் கண்டியில் தூக்கிலிட்டார்கள். வெள்ளைக்காரப் பொலிஸ் தலைவர் கேம்பல் வந்து பொலிஸ் படையை ஒழுங்குபடுத்தியது அதற்கும் இரண்டு வருடம் கழித்துத்தான்.

அதற்காகப் பழைய பொலிஸைத் தூக்கிவைத்துப் பேச வரவில்லை. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலாளி சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டுப் போனாலே குற்றம், சிறை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ராலாமி, அதாவது பொலிஸ்காரன், வந்து நின்றால் யாரைப் பிடிக்க வந்தானோ என்று எல்லோரும் நடுங்குவார்கள் என்று என் அப்பாயி சொல்லும். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் செத்ததும் பொலிஸ் குண்டில்தான். மலையகத்தில் அதை யாரும் மறக்கவில்லை.

ஆனால் அப்பாயி இன்னொன்றும் சொல்லும். அவர்கள் பக்கம் வந்து போன ராலாமி ஒரு மலாய்க்காரர். நல்லா தமிழ் பேசுவார். கோழி திருட்டு, வாய்க்கால் சண்டை எதுவானாலும் நடந்ததை நடந்தபடி அவரிடம் சொல்லலாமாம். ஆள் என்னவோ கடுகடுப்புத்தான்.

போன மாதம் எங்கள் லயத்தில் இரண்டு கேஸ் சிலிண்டர் களவு போயின. பொலிஸில் முறைப்பாடு கொடுக்க ஒரு பிள்ளையோடு நானும் போனேன். அவள் தமிழில் சொன்னாள். அங்கிருந்தவர் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வைக்கச் சொன்னார். என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லக்கூட ஆளில்லை. தமிழ் அரசகரும மொழியானது 1987இல்.

அடுத்த மார்ச்சில் சபானைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை போடுங்கள். கூடவே, தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள்களை முதலில் தோட்டப் பகுதி நிலையங்களுக்கு அனுப்பச் சொல்லி ஓர் ஆசிரியர் தலையங்கமும் எழுதுங்கள். மார்ச் வரை காத்திருக்காமல் எழுதினாலும் நல்லதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவை