கோயிலை வித்துக்கோங்க, கல்லறைக்குத் தடத்தை விடுங்க

ஏற்காட்டு காபி எஸ்டேட் நிர்வாகத்துக்கும், எங்க பழைய கிறிஸ்தவக் கோயிலை வாங்கப் போறவங்களுக்கும் வணக்கம்ங்க.

கோயில் விலைக்கு வந்தது, அட்வான்ஸ் கைமாறுனது எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதை. பூசை நின்னு வருஷக்கணக்காச்சு, எஸ்டேட் தொழிலாளிங்க குடியிருக்கற லைன் வீட்டு ஜனம் பாதிக்கு மேல திருப்பூர், ஓசூர்னு மலையிறங்கிப் போயிருச்சு, மங்களூர் ஓடு சரிஞ்சு மழைத்தண்ணி பீடம் வரைக்கும் நிக்குது. சும்மா கிடந்து இடிஞ்சு விழுறதுக்கு யாராச்சும் வாங்கி தங்கற விடுதியோ காபி கடையோ நடத்தட்டும், எங்களுக்கு வருத்தம் இருக்கு, ஆனா தடுக்க வரல. நாங்க கேக்கறது ஒண்ணுதான், பின்னாடி இருக்கற கல்லறைத் தோட்டத்தையும் அதுக்குப் போற தடத்தையும் கிரயத்துல இருந்து பிரிச்சு விட்டுடுங்க.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்னிக்குப் போனா கேட்ல புதுப் பூட்டு. வாட்ச்மேன் "மேல இருந்து ஆர்டர் இல்லீங்க"ன்னுட்டாரு, அவரும் எங்க லைன் ஆளுதான், நிமிந்து கூடப் பாக்கல. எங்க மாமாவோட கல்லறை கோயில் சுவரைத் தாண்டி சில்வர் ஓக் மரத்தடியில இருக்கு, கேட்ல நின்னா தெரியாது. சிமெண்ட் காயறதுக்கு முன்னாடி ஆணியால பேரைக் கீறி வெச்ச சிலுவை அது, வருஷா வருஷம் அத்தைதான் சுண்ணாம்பு அடிப்பாங்க. அன்னிக்கு கம்பி இடுக்குல கைய விட்டு செண்டுமல்லிய எறிஞ்சாங்க, அது கேட்டுக்கு அந்தாண்ட புல்லுலயே விழுந்துச்சு, மெழுகுவத்திய ரோட்டோரத்துல ஏத்தினா காத்துக்கு நிக்கல, கரைச்ச சுண்ணாம்ப அப்படியே தூக்கிட்டு வீட்டுக்கு வந்தோம். செத்தவங்களப் பாக்க யார்கிட்டங்க ஆர்டர் வாங்கணும்?

வில்லங்கச் சான்றுல வழி எதுவும் காட்டலன்னு உங்க ஆபீஸ்ல சொல்றாங்க. வில்லங்கத்துல பதிவான பத்திரம் மட்டும்தான் வரும். எங்க தாத்தனுங்க பொணத்தத் தூக்கிட்டு நடந்த தடத்த யாரு ரிஜிஸ்டர் பண்ணி வெச்சாங்க? 20 வருஷத்துக்கு மேல தடையில்லாம உரிமையா நடந்த பாதைக்கு வழியுரிமை உண்டுன்னு 1882-ம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டமே சொல்லுது. கோர்ட்டுக்குப் போக எங்களுக்கு வசதியும் இல்ல, ஆசையும் இல்ல, அதனாலதான் இந்த மடல்.

சேர்வராயன் மலைக்கு காபி கொண்டு வந்தது அந்தக் காலத்து சேலம் கலெக்டர் காக்பர்ன்னு ஏற்காட்டுக்கு வர்ற டூரிஸ்ட்டுக்கெல்லாம் சொல்றாங்க. சரி, அவர் கொண்டு வந்தாரு, காட்ட வெட்டி, நாத்து நட்டு, அட்டைக்கடியில பழம் பறிச்சவங்க எங்க இருக்காங்க? அந்த சில்வர் ஓக் அடியிலதான் இருக்காங்க. உயிரோட இருந்தப்ப லைன் வீடு கூட அவங்க பேர்ல இல்ல, இப்ப அந்த ஆறடியையும் சேத்து விலை பேசிட்டீங்க, கோவம் வராம எப்படிங்க இருக்கும்?

கோவத்துல ரெண்டு வார்த்தை கூடப் போயிருந்தா பொறுத்துக்கோங்க. பத்திரம் பதியறதுக்கு முன்னாடி சர்வேயரக் கூட்டிட்டு வந்து கல்லறைத் தோட்டத்த அளந்து, உட்பிரிவு பண்ணி, தடத்தோட சேத்துப் புலப்படத்துல, அதான் சர்வே வரைபடத்துல, காட்டுங்க. வாங்கறவங்களே, உங்களுக்கும் இதுதான் நல்லது, இல்லாட்டி நாளைக்கு விடுதி வாசல்ல தினம் தகராறுதான். அளக்கற அன்னிக்கு முன்கூட்டியே சொல்லி விடுங்க, எல்லை எதுன்னு காட்ட எங்க பெரியவங்க வருவாங்க. அதுவரைக்கும் அந்தப் பூட்டுச் சாவி ஒண்ண வாட்ச்மேன்கிட்ட குடுத்து வையுங்க, தயவு செஞ்சு.